அது என் குண்டு

அப்படியா சொன்னா? "எங்க வீட்டுக்காரரு சுட்டது"ன்னா? காப்பி குடுக்கும்போதுதானே சொன்னா? அவ எல்லாருகிட்டயும் காப்பி குடுக்கும்போதுதான் சொல்லுவா. டம்ளரை நீட்டிக்கிட்டே சொன்னா யாரும் எதுத்துக் கேக்க மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும்.

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. அருவிக்கு அப்பறம் போகலாம். இந்த மூட்டத்துல போனா அருவி எங்க தெரியும், சத்தம் மட்டுந்தான் கேக்கும்.

இந்த வீட்டை வாடகைக்கு விட ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு இதே பொழப்பாப் போச்சு. வந்து தங்குறவங்க சுவத்தப் பாப்பாங்க, கொம்பப் பாப்பாங்க, யாரு சுட்டதுன்னு கேப்பாங்க. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள என் தங்கச்சி ஒரு வரியில சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவா. அவ சொன்ன அந்த ஒரு வரியை அழிக்க நான் தொண்டத்தண்ணி வத்தப் பேசணும்.

அங்கிட்டு வரிசையா இருக்குல்ல, அதெல்லாம் எங்க அப்பா சுட்டது. காட்டுமாடு சுடுறதுல இந்த மலையில அவரை மிஞ்சி ஆள் கிடையாது. இங்கிட்டு சன்னலுக்கு மேல தனியா ஒண்ணு இருக்கு பாருங்க, வலது கொம்பு நுனியில லேசா வெடிச்சு? அது என்னுது. அய்யாத்துரை சுட்டது. என் குண்டு. இத நீங்க மனசுல வச்சுக்கிட்டாப் போதும், மிச்சத்த மெதுவாச் சொல்றேன்.

நீங்க நேத்து ஒண்ணு கேட்டீங்க. அமெரிக்காவுல உங்க ஆபீஸ்காரங்க காட்டெருமை சுடக் கூப்பிடுறாங்க, பண்ணைக்காரனுக்குப் பணம் கட்டிச் சுடணும், அம்புட்டுச் செலவு பண்ணிப் போற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு. இருக்கு தம்பி. எதுத்தாப்புல ஒரு லாரி கணக்கா ஒரு உசுரு நிக்குது. நம்ம ஒரு விரலை அசைச்சா அது போயிரும். அந்த நேரம் நெஞ்சுக்குள்ள ஒரு அடி அடிக்கும் பாருங்க, அதுக்கு எதைக் குடுத்தாலும் தகும். செலவு செலவுன்னு பாத்தா மனுசன் கல்யாணம்கூடப் பண்ண முடியாது. எனக்கு எம்புட்டுச் செலவாச்சுங்கறீங்க? அன்னைக்குப் பாறையில ஏறும்போது பிசகுன முழங்கால் இன்னைக்கு வரைக்கும் வலிக்குது. கூடப் பொறந்தவ பேச்சை விட்டுட்டா. இம்புட்டும் என் செலவுதான். நான் கணக்குப் பாத்தேனா? பாக்கல.

எங்க மலையில வேட்டைக்குன்னு ஒரு மொறை இருந்துச்சு. அப்பா காலத்துக்கும் முந்தின மொறை. யாரு குண்டு மொதல்ல மாட்டு மேல படுதோ, கொம்பு அவனுக்கு. அதுக்கப்பறம் பத்து பேரு சுட்டு விழுத்தாட்டினாலும் சரி, கொம்பு மொதக் குண்டுக்காரனுக்குத்தான். இது பாதி. மறு பாதி என்னன்னா, அடிபட்ட மாடு புதருக்குள்ள பூந்துருச்சுன்னா, யாரு குண்டோ அவன்தான் முன்னால உள்ள போகணும். ஆள் விடக்கூடாது. கூலியாளை அனுப்பக்கூடாது. கொம்பும் அவனுக்கு, புதரும் அவனுக்கு. ஏன் இப்படி வச்சாங்கன்னா, அடிபட்ட காட்டுமாடு ஓடிப்போயி சாகாது. உள்ள போயி ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, தான் வந்த தடத்தையே பாத்துக்கிட்டு மூச்சுக்காட்டாம நிக்கும். பின்னால வர்றவன் ரத்தத்தப் பாத்துக்கிட்டு குனிஞ்சு வருவான். அப்பத்தான் குத்தும். அதனால, காயம் பண்ணவன் அந்த ஆபத்தைத் தானே தலையில போட்டுக்கணும்னு வச்சிருந்தாங்க. நல்ல மொறைதான். நான் குத்தம் சொல்லல.

அப்பா ஒவ்வொரு தடவையும் தானே உள்ள போனாரு. அவரு அப்படி. ஒத்தை ஆளாப் போயி, வேட்டியில ரத்தத்தைத் தொடச்சுக்கிட்டே வருவாரு. வல்லி, அதான் என் தங்கச்சி செண்பகவல்லி, சின்னப் புள்ளையா இருந்தப்பவே கேட்டுல நின்னு, "யாரு குண்டுப்பா?"ன்னு கேப்பா. "உங்கப்பன் குண்டுதாண்டி"ம்பாரு. அவளுக்கு இந்த மொறை எல்லாம் அத்துபடி.

அப்பா போனதுக்கப்பறம் எஸ்டேட்டு எங்கைக்கு வந்துச்சு, துப்பாக்கி எங்கைக்கு வந்துச்சு, கொம்பு மட்டும் வரல. வருசா வருசம் பர்மிட்டு வாங்குவேன். அப்பல்லாம் சர்க்காரே குடுக்கும், கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச ஒத்தைக் காளையைச் சுட்டுக்கலாம்னு. போவேன், அட்டை கடிச்சு, நனைஞ்சு, வெறுங்கையோட வருவேன். கிளப்புல சீட்டாடும்போது ஒருத்தன் கேட்டான், "என்ன அய்யாத்துரை, உங்க அப்பா எல்லாத்தையும் சுட்டு முடிச்சுட்டாரோ?"ன்னு. எல்லாரும் சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. இந்தச் சுவத்துல என் பேருல ஒண்ணு ஏறாம நான் செத்தா நான் அப்பாவுக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சேன். அந்த வயசு அப்படி.

அந்த வருசந்தான் வல்லிக்குக் கல்யாணம் பண்ணுனோம். மாப்ளைக்கு வத்தலக்குண்டுல ஜவுளிக்கடை. பேரு குணசீலன். பேருக்கு ஏத்த ஆளுதான், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சத்தமாப் பேச மாட்டான். சோடாபுட்டி கண்ணாடி. மழை தூறினா குடையை வல்லி தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு தான் நனைவான். எங்க வீட்டு வேலக்காரிகளுக்கு அதைப் பாத்து ஒரே சிரிப்பு.

தலை தீபாவளிக்கு வந்தாங்க. அப்பா இல்லாத வீடு, ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு நானே முன்ன நின்னு செஞ்சேன். மோதிரம் போட்டேன், வாட்ச் கட்டிவிட்டேன். அப்பறம் கேலியும் பண்ணினேன். மாப்ளையைக் கேலி பண்ணாம வேற யாரைப் பண்றது? "முழம் போடுற கைக்கு வாட்ச் எதுக்கு மாப்ள"ன்னேன். அவன் ரெட்டைக்குழல் துப்பாக்கியத் தூக்கிப் பாத்தான், "பாத்து மாப்ள, அது மல்லு வேட்டி இல்ல, மடிக்க வராது"ன்னேன். சிரிச்சான். எல்லாத்துக்கும் சிரிப்பான். வல்லி மட்டும் சிரிக்கல.

சாப்பிட்டு வெத்தல போடும்போது சொன்னேன், "நாளைக்கு நான் வேட்டைக்குப் போறேன். மாப்ள இங்கயே இருக்கட்டும், பொம்பளைக முறுக்குப் புழியுறாங்க, ஒத்தாசையா இருக்கும்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் வல்லியப் பாத்தான். அவ கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. அப்பத்தான் அவன், "நானும் வர்றேன் மச்சான்"னான்.

நான் கூப்பிடல தம்பி. அதைக் கவனிங்க. அவனா வந்தான்.

மறுநாள் காலையில கெளம்பும்போது வல்லி கேட்டுக்கு வந்தா. "அண்ணே, அவருக்குக் கண்ணு கிட்டத்துலதான் தெரியும். பக்கத்துலயே வச்சுக்கண்ணே"ன்னா. அப்ப அவ முழுகாம இருந்தா. மூணு மாசமோ என்னமோ. அதுவும் அப்பறம் தங்கல, விடுங்க. "நான் இருக்கேன்ல"ன்னேன். பொய்யா? பக்கத்துலதான் இருந்தேன். பத்து முழ தூரத்துல இருந்தேன்.

கூட வந்தது தவசி. இந்த மலைக்காட்டுப் பளியன். அப்பா காலத்துல இருந்து எங்களுக்குத் தடம் பாக்குறவன். மூணு பேருதான் போனோம். மேல புல்லுச்சரிவு இருக்கு, அதுக்குக் கீழ உண்ணிச்செடிப் புதரு, யானை நின்னாக்கூடத் தெரியாது, அப்படி அடைஞ்சு கெடக்கும். சரிவுல ஒத்தைக் காளை மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அட, அதோட முதுகு பாக்கணுமே! கரேர்னு, எண்ணெ தேச்ச மாதிரி. காலுல மட்டும் வெள்ள. மழை அப்பத்தான் விட்டு, அதோட முதுகுல இருந்து ஆவி பறந்துச்சு. எனக்குக் கண்ணெடுக்க முடியல. பயமில்ல, ஆசை.

"நான் சுட்டப்பறம்தான் நீ சுடணும்"னு மாப்ளைகிட்ட சொல்லிருந்தேன். எங்கைல ரைபிளு. அவங்கைல ரெட்டைக்குழலு. நான் குறி பாத்து விரலை இழுக்கவும், பக்கத்துல இவனும் டமார்னு போட்டான். ரெண்டு வெடியும் ஒரே நேரத்துல. கண்ண மூடிக்கிட்டுச் சுட்டிருக்கான். அவன் குண்டு எங்க போச்சுங்கறீங்க? மாட்டுக்கு எடப்பக்கம் ஒரு நாவமரம் நின்னுச்சு, அதுல போயிப் பட்டுச்சு. பட்டை பிஞ்சு தெறிச்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன். சந்தேகமே இல்ல. கோயில்ல வச்சுக் கேட்டாலும் சொல்வேன். மாட்டு மேல பட்டது என் குண்டு. இதைத்தானே அவ இல்லங்கறா!

என்ன, கொஞ்சம் பின்னால பட்டுருச்சு. வயித்துல. பக்கத்துல வெடிச்சதுல கை லேசா அசைஞ்சிருச்சு, அதுவும் அவனாலதான். மாடு ஒரு துள்ளு துள்ளி, குடலு சரிய, எறங்கி ஓடி உண்ணிச்செடிக்குள்ள பூந்துருச்சு. கொஞ்ச நேரம் செடி ஆடுச்சு. அப்பறம் ஆடல. நின்னுட்டுது.

புதரு ஓரத்துக்கு வந்தோம். இலையில ரத்தம், சாணியும் கலந்து. தவசி மோந்து பாத்துட்டு, "வயித்தடி சாமி. நிக்கிது"ன்னான். அப்பறம் எங்க ரெண்டு பேரையும் பாத்து, "யாரு குண்டு சாமி?"ன்னான்.

அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க தம்பி? யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க. எஸ்டேட்டுல நூறு குடும்பம் என்ன நம்பி இருக்கு. காலையில இருந்து கெண்டைக்கால் வேற பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. இவன் பக்கத்துல நிக்கிறான், மொகமெல்லாம் வேர்த்து, கண்ணாடியில ஆவி படிஞ்சு, தப்புப் பண்ணின புள்ள கணக்கா. "மச்சான், மன்னிச்சிருங்க, அவசரப்பட்டுட்டேன்"ங்கறான். எனக்குப் பாவமாப் போச்சு. நெசமாச் சொல்றேன், பாவமாத்தான் இருந்துச்சு. வந்ததுல இருந்து எல்லாரும் இவனக் கேலி பண்ணிக்கிட்டே இருக்கோம். தலை தீபாவளிக்கு வந்த புள்ள. மோதிரம் போட்டேன், வாட்ச் போட்டேன், இதையும் குடுத்தா என்னன்னு தோணுச்சு.

"மாப்ள குண்டுதான் தவசி"ன்னேன்.

தவசி திரும்பி அந்த நாவமரத்தப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

மாப்ள மொகம் எப்படி ஆச்சுங்கறீங்க! இன்னைக்கும் எனக்கு அது கண்ணுக்குள்ளயே நிக்குது. "நெசமாவா மச்சான்? நான் கண்ண மூடிட்டேனே"ன்னான். "கண்ணு மூடினா என்ன மாப்ள, கை தெரிஞ்சுதானே சுட்டுருக்கு"ன்னேன். கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடைச்சான். தொடைக்கத் தொடைக்க அழுக்குதான் ஆகுது. "வல்லிகிட்ட நீங்களே சொல்லுங்க மச்சான், நான் சொன்னா நம்ப மாட்டா"ன்னான். சொல்றேன்னேன். மொறை அவனுக்குத் தெரியும், அதுதான் ஊரே பேசுதே. யாரும் சொல்லாம தானே தோட்டா மாத்திக்கிட்டு உள்ள காலை வச்சான். ஜவுளிக்கடைக்காரன்! அந்த நேரத்துல எனக்கே அவன் மேல ஒரு மரியாத வந்துருச்சு.

தவசி, "நான் முன்னால போறேன் சாமி"ன்னான். "மொறைய மாத்தாதடா"ன்னேன். தவசி நின்னுட்டான். நான் பக்கத்துல இருந்த பாறை மேல ஏறிக்கிட்டேன். மேல இருந்து பாத்தா மாடு எங்கிட்டு வந்தாலும் தெரியும்ல, காவலுக்கு. அப்பத்தான் இந்த முழங்கால் பிசகுச்சு.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அவன் வேட்டி செடியில மாட்டி மாட்டிக் கிழியிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கூப்பிட்டான் ஒரு தடவை, "மச்சான், இங்க ரத்தம் திரும்புது"ன்னு. அவன் அதைச் சந்தோசமாத்தான் சொன்னான். தடம் கண்டுபிடிச்சிட்டோம்னு. ரத்தம் திரும்புதுன்னா மாடு திரும்பிருச்சுன்னு அர்த்தம், அவனுக்கு எங்க தெரியும்? தவசி "சாமி, வெளிய வந்துருங்க"ன்னு கத்துறான். அதுக்குள்ள உள்ள ஒரு வெடி. அப்பறம் அந்தச் சத்தம். ஈரத் துணியை மொத்தமாத் தூக்கிக் கல்லுல அடிச்சாப்புல. ரெண்டு தடவை கேட்டுச்சு.

மாடு வெளிய வந்துச்சு. வந்து என் பாறைக்குக் கீழ, வாயில நொரையோட, காலை அகட்டி நின்னுச்சு. அதுக்கு மேல அதால முடியல. நான் மேல இருந்து தலையில ஒண்ணு போட்டேன். விழுந்துச்சு. அதுவும் என் குண்டு. ஆக, மொதக் குண்டும் என்னுது, கடைசிக் குண்டும் என்னுது. கேட்டுக்கங்க.

தவசி மாப்ளையத் தூக்கிக்கிட்டு வந்தான். தொடைக்கு மேல, அடிவயித்துல கொம்பு ஏறிருந்துச்சு. தவசி தன் துண்டை உருட்டி அதுல அமுத்திப் பிடிச்சிருந்தான். உசுரு இருந்துச்சு. நெனவும் இருந்துச்சு. "தூக்கிருவோம் சாமி, இப்பவே எறக்குனா ரோட்டுக்குப் போயிரலாம், தேயிலை லாரி வர்ற நேரம்"னான் தவசி. நானும் தூக்கத்தான் போனேன். அப்ப மாப்ள மெல்லக் கேட்டான், "மச்சான், கொம்பு பெருசா?"ன்னு.

"பெருசு மாப்ள"ன்னேன்.

"நம்ம கடையில கல்லாவுக்கு மேல மாட்டலாம்"னான்.

கல்லாவுக்கு மேல! என் கொம்பு! வத்தலக்குண்டுல, ஜவுளிக்கடையில, பாவாடைத் துணிக்கு மத்தியில! நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னது, அவன் அதை வச்சுக்கிட்டான். தவசி வெளிய போயிச் சொல்லுவான். ஊரு நம்பும். இப்ப இவன் உள்ள வேற ஒரு குண்டு போட்டிருக்கான், அதுவும் பட்டிருந்தா யாருது மொதக் குண்டுன்னு யாரு கண்டா? கூலிக்காரங்க கறிக்கு வந்துட்டா குடலை அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க, குண்டும் போயிரும். அப்பறம் சாட்சி ஏது? அதனால அப்பவே பாத்துரணும்னு தோணுச்சு. தப்பா?

"தவசி, வயித்தக் கிழிடா, குண்டை எடு"ன்னேன்.

அவன் துண்டுல இருந்து கையெடுக்க மாட்டேங்கறான். "கையெடுத்தா ரத்தம் நிக்காது சாமி"ங்கறான். "நான் பிடிச்சுக்கறேன், நீ கிழி"ன்னேன். பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா அவன் தப்பான எடத்துல தேடுறான், கையை விட்டு எங்கயோ தொழாவுறான். ரெண்டு மூணு தடவை எந்திரிச்சுப் போயிக் காட்ட வேண்டியதாப் போச்சு. தம்பி, காட்டுமாட்டுக் குடலுக்குள்ள ஒரு குண்டைத் தேடுறது லேசுப்பட்ட வேலைன்னு நெனைச்சுக்காதீங்க. லாரி ஆரன் அடிச்சுக்கிட்டுக் கீழ போன சத்தம் கேட்டுச்சு. அடுத்த வண்டியில போயிக்கலாம்னு இருந்தோம்.

கெடச்சுச்சு. செம்பு உறை போட்ட ரைபிள் குண்டு. ரெட்டைக்குழலுக்கு ஈய உருண்டைதான், உறை கிடையாது. பச்சப் புள்ளகூடச் சொல்லிரும் எது யாருதுன்னு. இவன் உள்ள சுட்டதும் மாட்டு மேல எங்கயும் படல. நான் குண்டைத் தொடைச்சு எடுத்துக்கிட்டு வந்து அவன் கண்ணுக்கு நேரா, கிட்டத்துலயே, காட்டினேன். அவனுக்குக் கிட்டத்துலதானே தெரியும். "பாரு மாப்ள, என்னுது. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நான்தான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்"னேன். போற நேரத்துல ஒரு மனுசனுக்கு உண்மையத்தானே சொல்லணும்?

அவன் குண்டைப் பாத்தான். அப்பறம் என்னப் பாத்தான். அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேசல. கம்பு வெட்டி, கம்பளி கட்டி, தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வர்ற வரைக்கும் கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தான், என் மேலயே. பேசல. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் ஒண்ணுபோல. மலை எறங்கி முடிக்கிறதுக்குள்ள போயிட்டான். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அவங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க.

இங்கதான் கொண்டாந்து போட்டோம். இதே கூடத்துல. தீபாவளிக் கோலம் வாசல்ல அழியாம இருந்துச்சு. வல்லி அழல. வந்து அவன் தலைமாட்டுல உக்காந்தவதான், அவன் மொகத்துல ஒட்டியிருந்த உண்ணிப்பூவ ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருந்தா. எஸ்டேட்டே கூடிருச்சு. கிளப்புக்காரங்க வந்தாங்க. என் கையப் பிடிச்சு வருத்தம் சொன்னாங்க, அதோட காதுகிட்ட, "பெரிய உருப்படியாமே"ன்னும் சொன்னாங்க. ரெண்டுக்கும் சேத்து நான் தலையாட்டுனேன்.

அப்பறம் மாப்ளையோட அப்பா வந்தாரு. சங்கரலிங்கம் மாமா. அவரோட தம்பிமாருக, கடை ஆளுக, ரெண்டு கார் நெறையா. ஒருத்தன் கையில அருவா இருந்துச்சு, ஒளிக்கக்கூட இல்ல. மாமா புள்ளையப் பாத்தாரு. குனிஞ்சு அவன் மூக்குல கண்ணாடிய சரி பண்ணி வச்சாரு. பாதி உடைஞ்ச கண்ணாடி. அப்பறம் நிமிந்து என்னக் கேட்டாரு.

"கண்ணு தெரியாத புள்ளைய எதுக்குய்யா புதருக்குள்ள அனுப்பின? யாரு குண்டுய்யா அது?"

தவசி அந்தத் தூணுகிட்ட நின்னான், தரையப் பாத்துக்கிட்டு. எல்லாரும் என்னப் பாக்குறாங்க. கிளப்புக்காரங்க, கூலிக்காரங்க, எல்லாரும். எத்தன வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன் தம்பி, இப்படி ஒரு கூட்டம் என்னப் பாத்து அந்தக் கேள்வியக் கேக்கணும்னு! நான் சட்டைப் பையில கைய விட்டேன். குண்டு இருந்துச்சு. எடுத்தேன்.

அப்பத்தான் வல்லி எந்திரிச்சா. "அவரு குண்டுதான் மாமா"ன்னா.

ஏதோ துக்கத்துல ஒளறுறான்னு நெனச்சேன். இல்ல. தெளிவா, எல்லாருக்கும் கேக்குறாப்புல, மறுபடியும் சொன்னா. "உங்க புள்ள குண்டுதான் மொதல்ல பட்டுச்சு. அதனாலதான் அவரு உள்ள போனாரு. இங்க அதான் மொறை. யாரும் அனுப்பல."

மாமா மொகம் மாறிருச்சு. "எம்புள்ளையா? எம்புள்ளையாம்மா சுட்டான், அம்மாம் பெருச?"ன்னாரு. வெளிய முத்தத்துல கூலிக்காரங்க அறுத்துக் கொண்டாந்து போட்டிருந்த மாட்டுத் தலையப் பாத்தாரு, புள்ளையப் பாத்தாரு. அவன் வலது கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு அப்பத்தான் ஓன்னு அழுதாரு. அருவா வச்சிருந்தவன் அதை ஓரமாச் சாத்தி வச்சிட்டு அவரைப் பிடிச்சுக்கிட்டான். கிளப்புக்காரங்க எல்லாரும் பொணத்தப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுறாங்க. மூச்சு நின்ன ஒருத்தனுக்கு என் கொம்பு போகுது! என் கண்ணு முன்னால!

"இல்ல மாமா, ஒரு நிமிசம்"னு கையை நீட்டுனேன். குண்டைக் காட்டத்தான். விரலை விரிக்கல, அதுக்குள்ள இவ வந்து என் கையப் பிடிச்சிட்டா. ரெண்டு கையாலயும் என் மடக்குன கைய மூடிப் பிடிச்சா. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டுத் தங்கச்சி அழுகுறாப்புலதான் இருந்திருக்கும். அவ நகம் என் தோலுக்குள்ள எறங்குது. காதுகிட்ட வந்தா.

"உன்னுதுன்னு சொல்லாதண்ணே. உன்னுதுன்னா, அவரு எதுக்கு உள்ள போனாருன்னு கேப்பாங்க. அருவாளோட வந்திருக்காங்க"ன்னா.

பாத்தீங்களா? அண்ணனையே பயமுறுத்துறா. பொணத்தப் பக்கத்துல போட்டுக்கிட்டு, மெரட்டல்! எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே விரிச்சுக் காட்டிருப்பேன். எழவு வீடாச்சேன்னு விட்டேன். அவ எங்கிட்ட கடைசியாப் பேசுனது அதுதான். மாமா கூப்பிட்டாரு, வத்தலக்குண்டுக்கு வந்துரும்மா, கடையில பாதி உன்னுதுன்னாரு. போகல. இங்கயே இருந்துக்கிட்டா. நானும் சோறு போட்டுத்தான் வச்சிருக்கேன், ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல. பதிலுக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் என் குண்டை இன்னொருத்தன் பேருல எழுதுறா. இன்னைக்கு அந்தக் கடைக்காரக் குடும்பத்துல ஒருத்தரும் உசுரோட இல்ல. அருவாளும் இல்ல, கேக்க ஆளும் இல்ல. இனிமேலாச்சும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க அண்ணன் குண்டுன்னு அவ வாயால சொன்னா என்ன கொறைஞ்சு போகும்?

நீங்க படிச்சவங்க. காப்பி டம்ளரை உள்ள கொண்டுபோயிக் குடுக்கும்போது ஒரு வார்த்த கேளுங்க தம்பி. என்னப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவா. நீங்க கேட்டா சொல்லுவா.